தலைவர் சொன்னார்

எங்கள் தோட்டத் தொழிலாளர் கமிட்டிக்கு முதன்முதலாக ஒரு பெண் தலைமைக்கு வந்தபோது, அவரை என்னவென்று எழுதுவது என்ற சந்தேகம் எனக்கு மட்டும்தான் வந்தது. மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்து போகத் தயாராக இருந்தார்கள். நான் கமிட்டியின் செயலாளர். கூட்டக் குறிப்பை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியவன்.

உக்குவளைப் பக்கத்து றப்பர் தோட்டம் அது. எனக்கு ஸ்டோரில், பால் உறைய வைக்கும் தொட்டிகளில் வேலை. எந்நேரமும் உடம்பில் அமில வாடை வீசும். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். கத்தோலிக்கச் சாமியார்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழில் நல்ல பெறுபேறு எடுத்தவன் என்று தோட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்து மூன்று வயது.

தெரிவான அக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். பால் வெட்டுகிறவர். எட்டு வருஷமாக மாதர் சங்கத் தலைவியாக இருந்தார். பழைய தலைவர் மகனோடு கொழும்பில் தங்கப் போய்விட்டதால், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கூட்டம் போட்டு, கை உயர்த்தி வாக்கெடுத்தோம். எதிர்த்துக் கேட்டவரைவிட இவருக்குக் கொஞ்சம் கைகள் கூடுதலாக உயர்ந்தன. நான் எழுந்து நின்று குறிப்பை வாசித்தேன்.

"தோட்டக் கமிட்டித் தலைவியாக ஏகோபித்து..." என்று தொடங்கினேன்.

"ஏகோபித்து இல்ல தம்பி, பாதிப்பேரு கை தூக்கல" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். "அத விடு. தலைவின்னு எழுதாதப்பா. தலைவர்ன்னு எழுது."

"அக்கா, நீங்க பொம்பளை. பொம்பளைக்குத் தலைவிதான் சரி. தலைவன் ஆண்பால். தலைவி பெண்பால். கடைசியில வர்ற விகுதியிலதான் அது தெரியும்."

"அப்ப தலைவர் என்ன பால்?"

"அது பலர்பால். 'அர்' விகுதி. பல பேரைச் சொல்றது. மரியாதைக்காக ஒருத்தருக்கும் போடுவோம்."

"ஆம்பளைக்கு மட்டுந்தான் போடணும்னு இருக்கா?"

நான் யோசித்தேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. "இல்ல" என்றேன்.

"அப்புறம் என்ன? எனக்கும் போடு."

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி காரணத்தைச் சொன்னார். எட்டு வருஷம் தலைவியாக இருந்து, தோட்டத்தை நடத்தும் தொரையின் ஆபீசுக்குப் போயிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. வராந்தாவில் நிற்கச் சொல்லி, கிளாக்கர் வந்து கேட்டுவிட்டுப் போவார். பழைய தலைவர் போனால் நாற்காலி போடுவார்கள். "தலைவின்னா வராந்தா. தலைவர்ன்னா நாற்காலி. நான் நாற்காலில உக்காந்து பேசத்தான் இவங்க கை தூக்கியிருக்காங்க."

நான் குறிப்பில் அடித்துத் திருத்தினேன். திருத்தியதற்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். ஆனாலும் மனதுக்குள் ஒப்பவில்லை. இலக்கணம் தெரியாதவர்கள் முன்னால் தோற்றுவிட்டேன் என்ற எரிச்சல் இரண்டு நாள் இருந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். தொரை நடுத்தர வயதுச் சிங்களவர். நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. அவசரக்காரர். எங்கள் கடிதத்தைக் கிளாக்கர் படித்துக் காட்டினார். கீழே முத்திரையில் 'தலைவர்' என்று இருந்தது. பழைய முத்திரைதான். தொரை அக்காவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அக்கா உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மழையில் பால் வெட்ட முடியாத நாட்களுக்கு வேறு வேலை தருவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் பேசினார். தொரைக்குத் தலைவலி வந்துவிட்டது. அன்றுதான் அந்த 'அர்' எவ்வளவு பாரமானது என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி ஆகிவிட்டேன். யாராவது 'தலைவி' என்றால் நானே திருத்துவேன்.

வரிசைக் குடியிருப்பான லயத்துச் சனங்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'தலைவரம்மா.' அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. தோட்டத்தில் கங்காணியம்மா என்றால் கங்காணியின் மனைவி. டாக்டரம்மா என்றால் பெரும்பாலும் டாக்டரின் மனைவி. "எந்தத் தலைவருக்கு நான் பொண்டாட்டி?" என்று கேட்பார். கொக்கோ மலையில் வேலை செய்த அவருடைய வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் வெற்றிலையை மென்றபடி சிரித்துக்கொள்வார். ஆனால் சனங்களின் வாயை மாற்ற முடியவில்லை. பேச்சில் தலைவரம்மா, எழுத்தில் தலைவர் என்று நிலைத்துவிட்டது. எழுத்து என் கையில் இருந்தது.

இரண்டாம் வருஷம் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணித் துண்டுகள் கொடுத்தார்கள். லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. குறித்த திகதிக்குள் அத்திவாரம் வெட்டாவிட்டால் துண்டு வேறொருவருக்குப் போகும் என்று ஒரு நிபந்தனை. எங்கள் லயத்தில் பால் வெட்டுகிற ஒரு பெண்ணின் கணவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவார். அவருக்கு ஒரு துண்டு கிடைத்திருந்தது. அதே துண்டின்மேல் அவருடைய தம்பிக்கும் ஒரு கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அவருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க." அவருடைய வாசலில் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று சொல்வது சரியில்லை. அவர் சொன்னதை நான் நல்ல தமிழாக்கி எழுதினேன்.

அவர் சொன்னது இப்படி: "தலைவரம்மா எடத்தைப் பாத்துட்டாங்க. நாள் குறிச்சிட்டாங்க. ஆளுங்கள்லாம் ரெடி. அவங்களே முன்னுக்கு நின்னு செய்றேன்னு சொன்னாங்க. ஒடனே லீவு போட்டுட்டு வாங்க. ஒங்க தம்பிக்குத் தெரியக்கூடாது, யாருக்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

நான் எழுதியது இப்படி: "தலைவர் இடத்தைப் பார்த்துவிட்டார். நாளும் குறித்தாயிற்று. ஆட்கள் ஆயத்தமாக உள்ளனர். தானே முன்னின்று நடத்துவதாகத் தலைவர் சொன்னார். உடனே விடுமுறை பெற்று வரவும். இவ்விடயம் எவருக்கும் தெரியக்கூடாது."

தம்பியைப் பற்றிய பகுதியை நான்தான் விட்டேன். குடும்பச் சண்டையைக் கடிதத்தில் எழுதுவது அழகில்லை என்று நினைத்தேன். வாசித்துக் காட்டியபோது அந்தப் பெண் சந்தோஷப்பட்டார். "பேப்பர்ல வர்ற மாதிரி இருக்குண்ணே" என்றார்.

ஒன்பது நாள் கழித்து, நடுப்பகலில் ஒரு சிங்கள இளைஞர் லயத்துக்கு வந்தார். அதே ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். அந்தப் பெண்ணின் கணவரோடு ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தபோது, கணவருடைய சட்டைப் பையில் கடிதம் இருந்திருக்கிறது. அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்திருக்கிறார். உடனே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். விஷயத்தைச் சொல்வதற்காக அந்த இளைஞர், தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத தோட்டத்துக்கு, மூன்று இடத்தில் வழி கேட்டு வந்திருந்தார். ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு உடனே திரும்பினார். அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. அந்த வருஷங்களில் தமிழில் 'தலைவர்' என்று மொட்டையாகச் சொன்னால் பொலிஸ்காரர்களுக்கு ஒரே ஓர் ஆள்தான். வடக்கே காட்டுக்குள் இருந்து சண்டையை நடத்துகிறவர். 'தலைவர் இடத்தைப் பார்த்துவிட்டார், ஆட்கள் ஆயத்தம்' என்று அவர்கள் வாசித்தபோது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் 'தலைவரம்மா சொன்னாங்க' என்றுதானே சொன்னார்? அதை அப்படியே எழுதியிருந்தால் குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். 'அம்மா'வை வெட்டினதும், 'சொன்னாங்க'வைச் 'சொன்னார்' ஆக்கினதும் நான்.

அக்காவிடம் ஓடிப்போய் அதைத்தான் முதலில் சொன்னேன்.

"யாரு எழுதினான்னு பிறகு பேசலாம்" என்றார் அவர். "கூட்டப் புஸ்தகத்தையும் முத்திரையையும் எடு. அடையாள அட்டையையும் எடுத்துக்க. விடிஞ்சதும் மொதல் பஸ்ஸப் பிடிப்போம்." அந்தப் பெண்ணும் வருவதாக அழுதார். பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் போனோம்.

அந்தப் பொலிஸ் நிலையம் எந்த ஊரில் என்று எழுதப் போவதில்லை. மூன்று மணி நேரம் வாங்கில் உட்கார வைத்தார்கள். பிறகு நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. கூப்பிட்டார். மேசையில் என் கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. என் கையெழுத்தை அவ்வளவு அருவருப்போடு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இதில் சொல்லியிருக்கிற நாயக்கயா யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நாயக்கயா என்றால் தலைவன்.

"நான்தான் சேர்" என்றார் அக்கா, தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

ஓ.ஐ.சி. அவருடைய றப்பர் பால் கறை படிந்த விரல்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிளைப் பார்த்தார். கடிதத்தை மொழிபெயர்த்தவர் அவர்தான். முஸ்லிம். வயதில் என்னைவிட மூத்தவர்.

"தலைவர் ஆம்பளைட சொல்லு சேர்" என்றார் கொன்ஸ்டபிள், சிங்களத்தில். "பொம்பளை எண்டா தலைவி. சொன்னார் எண்டும் இரிக்கி. அதுவும் ஆம்பளதான்."

ஓ.ஐ.சி. என்னிடம் திரும்பினார். "எங்களுக்கு நாயக்கதுமா என்றால் ஆண், நாயக்கதுமிய என்றால் பெண். மரியாதையும் இருக்கு, வித்தியாசமும் இருக்கு. உங்கள் மொழியில் அப்படி இல்லையா?"

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் சிங்களத்தில் சொல்ல முயன்றேன். அந்தக் கடைசி எழுத்து ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, அது மரியாதை என்றேன். ஆசிரியர் என்பதைப் பெண்ணுக்கும் போடலாம் என்றேன். "பொம்பளைக்கி ஆசிரியை" என்றார் கொன்ஸ்டபிள் உடனே. அதுவும் சரிதான். இரண்டு வருஷத்துக்கு முன் பிரட்டுக்களத்தில் நான் பேசிய அதே நியாயத்தை இப்போது அவர் எனக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை.

அப்போது மேசையில் கிடந்த ஒரு படிவம் என் கண்ணில் பட்டது. மூன்று மொழியிலும் அச்சடித்தது. பிடிபட்டவர்களின் விபரம் எழுதுகிற படிவம். தமிழ்ப் பகுதியில் 'தாயாரின் பெயர்' என்று இருந்தது.

"சேர்" என்றேன் கொன்ஸ்டபிளிடம், தமிழில். "உங்க உம்மாவைப் பத்தி ஒரு கடிதத்துல எழுதினா எப்படி எழுதுவீங்க? சுகமா இருக்காங்கன்னு."

அவர் முகம் சுளித்தார். ஆனாலும் பதில் சொன்னார். "தாயார் சுகமாக இருக்கிறார்."

"தாயார்ல 'ஆர்' இருக்கு. இருக்கிறார்லயும் இருக்கு. தாயார் ஆம்பளையா சேர்?"

அவர் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். வாய்க்குள் 'சொன்னார், சொன்னார்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு ஓ.ஐ.சி.யிடம் திரும்பி, "சேர், இவர் சொல்றதும் நடக்கலாம். மரியாதைக்கு எழுதினா ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். நான் வாசிச்சது பிழையா இருக்கேலும்" என்று சிங்களத்தில் சொன்னார். ஒரு பொலிஸ்காரர் தன் மேலதிகாரி முன்னால், எங்களைப் போன்ற இரண்டு பேருக்காக, தான் பிழை விட்டிருக்கலாம் என்று சொன்னது சாதாரணக் காரியம் இல்லை.

ஓ.ஐ.சி. அதோடு விட்டுவிடவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு, கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அக்காவைத் தனியாகச் சொல்லச் சொன்னார். அக்கா அதை வாசித்திருக்கவே இல்லை. ஆனால் காணி எந்தப் பக்கம், எத்தனையாம் திகதி, மண் வெட்ட யார் யார் வருகிறார்கள், பகலுக்கு யார் சமைக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அண்ணன் தம்பிச் சண்டையையும் விடாமல் சொல்லியிருக்கிறார். பிறகு ஓ.ஐ.சி. எங்கள் தொரைக்குப் போன் எடுத்தார். கதவு பாதி திறந்திருந்தது. வாங்கில் இருந்த எனக்குக் கேட்டது.

அந்தக் கணம்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. போன மாதம்தான் அக்கா மழை நாள் வேலைக்காக இரண்டு நாள் மலைக்கு வேலைக்கு ஆள் போகவிடாமல் நிறுத்தியிருந்தார். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று தொரை ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஓ.ஐ.சி. கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு தடவை சிரித்தார். போனை வைத்துவிட்டு வெளியே வந்து அக்காவைக் காட்டி, "உங்கள் சுப்பிரிண்டன் தொரை சொல்கிறார், தோட்டத்தில் ஒரு தலைவர்தானாம், அது இந்த மனிசிதானாம், அவரால் தனக்கு நித்திரை இல்லையாம்" என்றார். 'தலைவர்' என்ற சொல்லை அப்படியே தமிழில்தான் சொன்னார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் பெண்ணின் கணவரை வெளியே விட்டார்கள். செருப்பு இல்லை. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. எங்களைக் கண்டதும் கும்பிட்டார். பஸ்ஸில் அக்கா அவரை ஜன்னல் ஓரத்தில் இருக்க வைத்து, பனிஸ் வாங்கிக் கொடுத்தார். மெதுவாக, ஒரு பக்கத்துக் கடைவாயால் மட்டும் மென்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அக்காவிடம் சொன்னேன், இனிமேல் எல்லாவற்றிலும் 'தலைவி' என்றே எழுதுகிறேன், முத்திரையையும் மாற்றிவிடுவோம் என்று.

"தொரைக்குப் போற கடுதாசில தலைவர்தான்" என்றார் அவர். "அத விடமாட்டேன். சனங்க வீட்டுக் கடுதாசில என் பேச்சே வேணாம். வேணும்னா அக்கான்னு எழுது. அக்கான்னா யாரும் புடிக்க மாட்டாங்க."

அப்படியே செய்தோம். சண்டை முடியும்வரை, சாவடிகள் எடுக்கப்படும்வரை, நான் எழுதிக் கொடுத்த எந்த வீட்டுக் கடிதத்திலும் அந்தச் சொல் வரவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை என்றாலும் மற்றத் தோட்டத்துச் சனங்களும் அப்படித்தான் பழகியிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. கமிட்டித் தலைவரைச் சிலர் 'பெரியவர்' என்றார்கள். சிலர் பேரைச் சொன்னார்கள்.

குறித்த நாளுக்கு ஒரு வாரம் பிந்தி அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினோம். தவணையை நீட்டித் தரச் சொல்லி அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தொரையோடு பேசியிருந்தார். துண்டின்மேல் கண் வைத்திருந்த தம்பியும் மண்வெட்டியோடு வந்து நின்றார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, நான் பொலிஸில் பிடிபட்டிருந்த அந்த அண்ணன்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்ததை மறைக்க என்னால் முடியவில்லை.

"உங்க சம்சாரம் தலைவரம்மா சொன்னாங்கன்னுதான் சொன்னாங்க. அதை மாத்தினது நான். அழகா இருக்கணும்னு மாத்தினேன். என்னாலதான் உங்களுக்கு இதெல்லாம்."

அவர் கல் புரட்டும் அலவாங்கின் முனையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மொத நாளே சொன்னேண்ணே" என்றார். "எங்க தலைவர் பொம்பளைங்கன்னு. நக்கல் பண்றியான்னு கேட்டு அடிச்சாங்க. அப்புறமும் அதைத்தான் சொன்னேன். வேற என்ன சொல்றது, அதுதானே உண்மை. நீங்க அம்மான்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்களோ என்னமோ. தெரியல. வேற எதையாவது பாத்துப் புடிச்சிருக்கவும் மாட்டாங்கன்னு சொல்ல ஏலாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கல்லின் அடியில் அலவாங்கைக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கல்லைப் புரட்டினோம்.

அந்த வீடு எழும்ப மூன்று வருஷம் எடுத்தது. அவர் சீகிரியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. தோட்டத்திலேயே வேலைக்குப் பெயர் பதிந்துகொண்டார். அக்கா பதினோரு வருஷம் தலைவராக இருந்தார். தொரைமார் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு புதுத் தொரைக்கும் முதற் கூட்டத்தில் 'தலைவர்' என்பதற்கு அவரே விளக்கம் சொல்லிவிடுவார். அதற்கு அடுத்து வந்தவரும் ஒரு பெண். அவரை என்னவென்று எழுதுவது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தலைவர் என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.